மோட்டோ குட்ஸி 850: குரோம் உரிந்த சிலிண்டரை என்ன செய்வது?

புல்லட், யெஸ்டி போன்ற வண்டிகளோடு பழகியவர்களுக்குச் சிலிண்டர் தேய்ந்தால் அடுத்து என்ன என்பதில் குழப்பமே கிடையாது. பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பு, போரிங் போடு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டு. 1970-களின் பெரிய மோட்டோ குட்ஸி வி-ட்வின்களில் (வி வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட இத்தாலிய பைக்குகள்) இந்தக் கணக்கு செல்லாது. அவற்றின் பிளாக் முழுக்க அலுமினியம், உள்ளே இரும்பு லைனர் இல்லை. பிஸ்டன் உரசி ஓடுவது அலுமினியத்தின் மேல் நேரடியாக ஏற்றிய கெட்டிக் குரோம் பூச்சின் மேல்தான். அதைக் கடைந்தால் பூச்சே போய்விடும். உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல்லை உள்ளே விட்டாலும் அதே கதிதான்.

மாண்டெல்லோ டெல் லாரியோ தொழிற்சாலையிலிருந்து 1967-இல் வெளிவரத் தொடங்கிய வி7 முதல், வி7 ஸ்போர்ட், 850 டி, 850 டி3, முதல் லெ மான் வரை எல்லாமே இந்தக் குரோம் வகை. 1980-ஐ ஒட்டித்தான் நிக்கசில் என்ற நிக்கல் அடிப்படைப் பூச்சுக்கு மாறினார்கள். 1981-இன் லெ மான் மூன்றாம் பதிப்பு நிக்கசிலோடு வந்தது. இங்கே எடுத்துக்கொள்வது 83 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 78 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 844 சி.சி. இன்ஜின். அதிலும் 1975 முதல் வந்த 850 டி3. இன்றும் ஓட்டுவதற்காக அதிகம் பேர் வாங்குவது அதைத்தான்.

குரோம் போட்டது முட்டாள்தனம் அல்ல. பிளாக்கும் பிஸ்டனும் ஏறத்தாழ ஒரே அளவு விரியும், சூடு சீக்கிரம் வெளியேறும், எடை குறையும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அந்தப் பூச்சு வெகுகாலம் தாங்கும். அதற்குச் சத்துரு ஓட்டம் அல்ல, ஓய்வு. கெட்டிக் குரோமில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. வண்டி ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்போது ஈரம் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள அலுமினியத்தை அரிக்கிறது. அரிப்பு உப்பி மேலே உள்ள குரோமைத் தூக்குகிறது. பிறகு ஒருநாள் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ரிங் அந்த விளிம்பில் மாட்டிச் செதில் செதிலாகப் பெயர்க்கும். அதனால்தான் “முப்பது வருஷமாக ஷெட்டில் நின்றது, கிலோமீட்டர் ரொம்பக் குறைவு” என்று விற்பனைக்கு வரும் வண்டியை, நிறைய ஓடிய வண்டியைவிட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

பெயர்ந்த செதில் சிலிண்டரோடு நின்றுவிட்டால் கவலையில்லை. ஆனால் அது இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்கி, ஆயிலோடு சுற்றி, கனெக்டிங் ராட் கிராங்கைப் பற்றும் முனையிலுள்ள பேரிங்கான பிக் எண்ட் ஷெல்லில் போய்ப் பதியும். ஷெல் மென்மையான உலோகம், குரோமோ அரத்துக்கே அசையாது. பதிந்த துணுக்கு, ஷெல்லுக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலை லேத் முனை போலச் சீவும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தும் பயனில்லை, குரோமைக் காந்தம் பிடிக்காது. வி7 முதல் 850 டி வரை ஆயில் பில்டரே கிடையாது, சம்புக்குள் ஒரு கம்பி வலை மட்டும். டி3-இல்தான் காகித பில்டர் வந்தது. அதுவும் சம்புக்குள்ளேயே இருப்பதால் மாற்றச் சம்பைக் கழற்ற வேண்டும். சோம்பல்பட்ட சொந்தக்காரர் அதைத் தொட்டே இருக்க மாட்டார்.

உரிந்த பிளாக்குக்கு நான்கு வழிகள் உண்டு: அப்படியே விடுவது, புதிய கிட், மறுபூச்சு, இரும்பு ஸ்லீவ். இந்த பில்டர் இருக்கிறதா இல்லையா என்பதே அந்தத் தேர்வில் பாதியை முடிவு செய்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

கம்ப்ரெஷன் டெஸ்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். மேல் விளிம்பில் காசளவு குரோம் உரிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் நல்ல எண் காட்டும், ஏனென்றால் ரிங் தன் பாதையின் பெரும்பகுதியில் நல்ல இடத்தில்தான் உட்காருகிறது. ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். குட்ஸியில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பதால் இன்ஜினை பிரேமிலிருந்து இறக்காமலே ஹெட்டும் பிளாக்கும் வெளியே வந்துவிடும். இந்த வசதி இருக்கும்போது ஊகத்துக்கு வேலையில்லை.

பிஸ்டனைக் கீழே இறக்கி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மேல் 15 மி.மீ. பட்டையைச் சுற்றிலும் பாருங்கள், முக்கியமாக எக்ஸாஸ்ட் பக்கம். நல்ல குரோம் கண்ணாடி மாதிரி ஒரே சீராக மின்னும். சாம்பல் புள்ளி, கொப்புளம், விரல் நகத்தில் தட்டுப்படும் விளிம்பு, மங்கலான அலுமினியத் திட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிளாக் முடிந்தது. உள்ளே கட்டம் கட்டமாக ஹோனிங் கோடும் மங்கிய சாம்பல் நிறமும் தெரிந்தால் யாரோ முன்பே நிக்கசிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். காந்தம் பளிச்சென்று ஒட்டினால் இரும்பு ஸ்லீவ் அடித்திருக்கிறார்கள்.

பிறகு சம்பு. ஆயிலை வடித்து, சம்பைக் கழற்றி, அடியில் தங்கியதை வெள்ளைத் துணியில் பரப்புங்கள். பில்டரை வெட்டி மடிப்புகளை விரியுங்கள். பளபளவென்று மின்னும், காந்தத்துக்கு வராத, ஒடியும் தன்மையுள்ள துணுக்கு குரோம். மென்மையாக வளைவது அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கலாம்.

அப்படியே விட்டுவிடுவது

போர் சுத்தம், சம்பும் சுத்தம், வண்டி டி3 அல்லது அதற்குப் பிந்தையது, மாதத்துக்குச் சில முறையாவது ஓடுகிறது. இந்த நான்கும் பொருந்தினால் குரோமை விட்டுவைப்பது முழுக்க நியாயமான முடிவு. “குரோம் என்றாலே தூக்கிப் போடு” என்பவர்கள் பெரும்பாலும் புது சிலிண்டர்-பிஸ்டன் கிட் விற்பவர்கள்.

நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் சம்பைக் கழற்றி பில்டரைப் புதிதாக்க வேண்டும். ரிங் மாற்றினால் குரோம் முகம் கொண்ட ரிங்கைப் போடவே கூடாது. குரோம் மேல் குரோம் உரசினால் பிடித்துக்கொள்ளும். சாதா வார்ப்பிரும்பு ரிங்தான். குளிர்காலத்தில் நிறுத்தி வைப்பதென்றால் பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் ஊற்றி இன்ஜினைக் கையால் சுற்றி விடுங்கள்.

பில்டர் இல்லாத வி7, வி7 ஸ்போர்ட், 850 டி என்றால் இந்த வழியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். முதல் செதில் விழும் நாளில் அதைத் தடுக்க அங்கே எதுவுமில்லை.

புதிய நிக்கசில் கிட்

மாண்டெல்லோவிலேயே இருக்கும் ஜிலார்டோனி நிறுவனத்தின் கிட்தான் இங்கே வழக்கமான பதில். புது பிளாக் இரண்டு, அவற்றுக்கு இணை சேர்த்த பிஸ்டன், ரிங், பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின், அதன் கிளிப். நிக்கல் அடிப்படையில் சிலிக்கான் கார்பைடு துகள்கள் கலந்த பூச்சு அது, 1967-இல் மாலே நிறுவனம் உருவாக்கியது. அதில் ஹோனிங் கோடு நிற்பதால் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். குரோமில் அந்த வாய்ப்பே இல்லை. கந்தகம் நிறைந்த பெட்ரோல் நிக்கசிலைத் தின்றுவிடும் என்ற பேச்சு 1990-களின் சில கார் இன்ஜின்களிலிருந்து வந்தது. கந்தகம் நீக்கிய இன்றைய பெட்ரோலில் அதை வைத்துப் பயப்படத் தேவையில்லை.

பிளாக்கிலும் பிஸ்டனிலும் ஏ, பி, சி என்று அளவு வகுப்பு குத்தியிருக்கும். ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆனாலும் ஏ பிளாக்கில் ஏ பிஸ்டன்தான் போக வேண்டும். கிட் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் இந்த எழுத்தைச் சரிபார்ப்பது. இரண்டாவது காரியம் சமையலறைத் தராசு: இரண்டு பிஸ்டனையும் பின், ரிங், கிளிப்போடு எடை போடுங்கள். இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பழைய பிஸ்டனையும் அதே தராசில் வையுங்கள். புதியது கணிசமாகக் கனமாகவோ லேசாகவோ இருந்தால் கிராங்க் சமநிலை மாறி, முன்பு இல்லாத ஒரு வேகத்தில் ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கும்.

இதன் குறை பணம்தான். வேலைத்தரத்தைப் பொறுத்தவரை மற்ற மூன்றைவிட இதில் தவறு நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கிட் வாங்கும்போது ஒரு சபலம் வரும்: 83-க்குப் பதில் 88 மி.மீ. போட்டால் 949 சி.சி. ஆகிவிடுமே! குட்ஸியின் 1000 கன்வெர்ட், எஸ்பி இன்ஜின்களின் போர் அதுதான், ஸ்ட்ரோக்கும் அதே 78. பொருந்தும், கீழ்வேகத்தில் இழுவை கூடுவதும் உண்மை. ஆனால் பிஸ்டன் எடை மாறும், கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை மறுபடி பார்க்க வேண்டும், வண்டியின் பதிவுப் பத்திரத்தில் 844 என்று இருக்கும். ஜெர்மனி போன்ற இடங்களில் இப்படி மாற்றியதைப் பரிசோதித்துப் பத்திரத்தில் ஏற்றாமல் ஓட்டுவது சட்டச் சிக்கல். பழைய வண்டியாகப் பதிய நினைப்பவர் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

பழைய பிளாக்குக்கு நிக்கசில் மறுபூச்சு

உங்கள் பிளாக்கையே அனுப்பினால் குரோமை நீக்கி, அரித்த பள்ளங்களை வெல்டிங்கால் நிரப்பி, கடைந்து, நிக்கசில் ஏற்றி, வைரக் கல்லில் ஹோன் செய்து தருவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் உண்டு. ஓடும் மேற்பரப்பைப் பொறுத்தவரை புதிய கிட்டுக்கு இது குறைந்ததல்ல.

இது யாருக்கு? 850-க்கு அல்ல, பெரும்பாலும். பிஸ்டன் தனியாக வாங்க வேண்டும், இரண்டு பக்கமும் அனுப்பும் செலவு, வாரக்கணக்கில் காத்திருப்பு, எல்லாம் கூட்டினால் கிட் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 80 மி.மீ. போர் கொண்ட முதல் வி7, 82.5 மி.மீ. போர் கொண்ட வி7 ஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பொன்னான வழி. அசல் வார்ப்பு, அசல் அளவு இரண்டும் காப்பாற்றப்படும். வி7 ஸ்போர்ட்டைப் பார்க்க வருகிறவர்கள் பிளாக்கின் குளிர்விப்பு இதழ்களின் (ஃபின்) வடிவத்தைக்கூட உற்றுப் பார்ப்பார்கள்.

அனுப்புவதானால் பிஸ்டனையும் கூடவே அனுப்புங்கள். “83 மி.மீ. செய்து கொடுங்கள்” என்று மட்டும் சொன்னால் பூச்சுக்காரர் எந்த இடைவெளி விடுவது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். பிஸ்டன் கையில் இருந்தால் அதை அளந்து, அலுமினியப் பிளாக்குக்கு ஏற்றபடி விட்டத்தில் 0.04 மி.மீ. இடைவெளி வருமாறு ஹோன் செய்வார். பிளாக்கில் உள்ள எஃகு டவல்களை (பிளாக்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு குச்சிகள்) பிடுங்கிவிடுங்கள். அனுப்பும் முன் அடி பிளேஞ்ச் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். கோணலான பிளாக்குக்குப் பூச்சு போடுவது வீண்.

இரும்பு ஸ்லீவ்

நம்மூர்க் கைக்குப் பழகிய வேலை என்பதால் மனம் முதலில் இதை நோக்கித்தான் போகும். பிளாக்கைக் கடைந்து, சூடேற்றி, வார்ப்பிரும்பு ஸ்லீவை இறக்கி, 83-க்குப் போரிங். எந்த ஊர் பட்டறையிலும் முடியும், மலிவு, பின்னாளில் ஓவர்சைஸும் போடலாம். ஆனாலும் நான்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

காரணம் விரிவு. அலுமினியம் ஒரு டிகிரிக்குச் சுமார் மில்லியனில் 23 பங்கு விரியும், வார்ப்பிரும்பு 11 பங்கு. ஸ்லீவின் வெளிவிட்டம் 88 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பிளாக் 100 டிகிரி கூடுதலாகச் சூடாகும்போது இரண்டுக்கும் இடையே 0.1 மி.மீ. இடைவெளி திறக்கப் பார்க்கும். குளிர்ந்த நிலையில் அந்த அளவு இறுக்கம் கொடுக்காமல் அடித்த ஸ்லீவ், மலையேற்றத்தில் தளர்ந்து அசையும், சூட்டை ஃபின்களுக்குக் கடத்தாது. இறுக்கத்தை அதிகமாக்கினால் வேறு பிரச்சினை: பிளாக்கின் அடியில் கிராங்க்கேஸுக்குள் இறங்கும் கழுத்துப் பகுதியில் கடைந்த பிறகு மிஞ்சும் அலுமினியம் மெல்லிய பட்டைதான், அது விரிசல் விடும். ஸ்லீவின் மேல் விளிம்பில் காலர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது கீழே நழுவி ஹெட் கேஸ்கெட் ஊதும்.

பிஸ்டன் இடைவெளியும் மாறும். இரும்புக்குள் அலுமினியப் பிஸ்டன் தன் சுவரைவிட வேகமாக விரிவதால் 0.04 போதாது, 0.06-இலிருந்து 0.08 வரை வேண்டும். நிக்கசில் கணக்கில் இடைவெளி விட்டு ஸ்லீவ் போட்டவர்களுக்கு முதல் நெடும் பயணத்திலேயே பிஸ்டன் சீஸ் ஆகும். அதிக இடைவெளி விட்டால் குளிரில் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஆபத்தில்லை, கேட்கத்தான் பிடிக்காது.

வேறு கிட் கிடைக்காத போர், பணத்துக்கு வழியில்லை, வண்டி ஊருக்குள் மட்டும் ஓடும், கடைபவர் அலுமினியப் பிளாக்குக்கு ஸ்லீவ் அடித்த அனுபவசாலி. இப்படி இருந்தால் சரி.

எந்த வழியானாலும் கீழே பார்க்காமல் மூடாதீர்கள்

குரோம் ஒரு துணுக்காவது பெயர்ந்திருந்தால் மேலே எதை மாற்றினாலும் பாதி வேலைதான். பலர் அழகான கிட் மாட்டிவிட்டு, அடுத்த சீசனில் கிராங்க் தட்டும் சத்தத்தோடு வந்து நிற்பது இதனால்தான். சம்பும் பிளாக்கும் கழன்றிருக்கும்போது ராட் கேப் நட்டுகளைக் கீழிருந்து எட்ட முடியும். இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஷெல்லை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மின்னும் புள்ளி பதிந்திருந்தால் ஷெல் மாற்றம் கட்டாயம். ஜர்னலில் நகம் மாட்டும் கீறல் இருந்தால் கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு அதனுள்ளே கசடு தங்கும் துளையின் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். ஆண்டுக்கணக்கான குரோம் தூள் அங்கேதான் இறுகிக் கிடக்கும். ஆயில் பம்ப் பல்லையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ராட் போல்ட்டும் நட்டும் ஒருமுறைப் பொருள். புதிது போட்டு 4.6 முதல் 4.8 கிலோகிராம்-மீட்டர். இதில் மிச்சம் பிடித்தவர்களின் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்ததுண்டு.

மாட்டும்போது

ரிங்கைத் தனியாகப் போருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளங்கள். கம்ப்ரெஷன் ரிங்குக்கு 0.30 முதல் 0.45 மி.மீ. பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். பிஸ்டன் பின்னின் கிளிப் புதிது. பழையதை நிமிர்த்திப் போடுகிறவர் தன் புதுச் சிலிண்டரில் தானே கோடு போட்டுக்கொள்கிறார். நிக்கசிலில் ஆயிலைக் கொட்டாதீர்கள். பிஸ்டன் ஸ்கர்ட்டில் விரலால் ஒரு பூச்சு போதும், ரிங் படிய வேண்டும். ஸ்டட்களில் வரும் சிறிய ஓ-ரிங்குகளை மறந்தால் ராக்கர் பக்கத்து ஆயில் பிளாக்கின் மேல் கசியும், கேஸ்கெட்டைக் குறை சொல்லி மூன்று தடவை கழற்றுவீர்கள்.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று படியாக ஏற்றி 4 முதல் 4.2 கிலோகிராம்-மீட்டர் வரை இறுக்குங்கள். அதற்கு மேல் ஒரு இழுப்பு இழுத்தால் கிராங்க்கேஸிலுள்ள அலுமினிய மரை ஸ்டட்டோடு வந்துவிடும். டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் இரண்டு வால்வுக்கும் 0.22 மி.மீ. சம்பில் மூன்று லிட்டர் சாதாரண மினரல் 20டபிள்யூ-50. சிந்தெடிக் இப்போது வேண்டாம், ரிங் படிய விடாது.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் நிறுத்திவைத்து ரசிக்காமல் சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். நடுத்தர வேகத்தில் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்து ஓட்டினால்தான் ரிங் உட்காரும். 500 கிலோமீட்டரில் சம்பைக் கழற்றி ஆயிலும் பில்டரும் மாற்றுங்கள். ஹெட் நட்டு ஒவ்வொன்றையும் கொஞ்சம் தளர்த்தி, அதே அளவுக்குத் திரும்ப இறுக்கி, டேப்பட்டை மறுபடி வையுங்கள். அந்த முதல் பில்டரை எறிவதற்கு முன் வெட்டிப் பாருங்கள். அதில் மின்னும் துணுக்கு இன்னும் வந்தால், கிராங்கின் கசடுத் துளையோ ஆயில் வழியோ சரியாகச் சுத்தமாகவில்லை. கிலோமீட்டர் சேரும் முன்பே மறுபடி திறக்க வேண்டும்.